கலப்புக் குழுவில் பொறியியல் மாணவர்கள்: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

பொறியியல் கல்லூரியில் பல மாநில, பல மொழி மாணவர்களைக் கலந்து குழுவாகப் பிரித்து ப்ராஜெக்ட் செய்ய வைக்கிறோம் என்று எங்கே பேச்சை எடுத்தாலும், மாணவர்களும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களும், சில சமயம் பெற்றோர்கூட, சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இப்படி ஒரே இடத்தில் போட்டு வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் நடுவில் ஒரு கேள்வியை மட்டும் தேடி வந்தவர்கள் கொஞ்சம் மேலேயும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

இது நாங்க வழக்கமா பண்ற மினி ப்ராஜெக்ட்தானே சார், இதுல புதுசா என்ன இருக்கு?

வழக்கமான மினி ப்ராஜெக்ட் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாலு நண்பர்கள் சேர்வார்கள். ஒருவன் வேலை செய்வான், ஒருத்தி ரிப்போர்ட் அடிப்பாள், இன்னொருவன் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு வருவான், நாலாமவன் வைவா அன்று சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். நாலு பேருக்கும் ஒரே மார்க். அட்டையில் நாலு பெயர் இருக்கிறதே தவிர குழு என்று அங்கே ஒன்றும் இல்லை.

நான் சொல்வதில் குழுவில் யார் யார் என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார், வேண்டுமென்றே வேறு வேறு மொழி, ஊர், துறை, பள்ளிப் பின்னணி உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்க்கிறார். செய்து முடித்த பொருளுக்கு மார்க் இருப்பதுபோல அதை எப்படிச் சேர்ந்து செய்தார்கள் என்பதற்கும் மார்க் உண்டு, அப்படிச் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று வகுப்பில் சொல்லியும் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல ஊர்ப் பிள்ளைகளை ஒரே மேஜையில் உட்கார வைத்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தால், செமஸ்டர் முடியும்போது ஒருவரைப் பற்றி ஒருவருக்கு இருந்த தப்பான எண்ணம் இன்னும் கெட்டியாகியிருக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

எந்தத் திறனைப் பத்தி பேசறீங்க? அதான் சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ் தனியா இருக்கே, பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் வேற இருக்கு.

இன்றைக்குத் தெர்மல் படிக்கிறவர் நாளைக்கு ஐ.டி. கம்பெனிக்குப் போனாலும், துபாயில் சைட் இன்ஜினியராக நின்றாலும், சொந்தமாகப் பட்டறை வைத்தாலும் கூடவே வரக்கூடிய திறன்கள். தெரியாததை வெட்கப்படாமல் கேட்பது, கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று திருப்பிச் சொல்லிப் பார்ப்பது, வேலையைத் துண்டு போட்டுத் திரும்ப ஒட்டுவது, எதிர்க்கருத்தை ஆளைக் காயப்படுத்தாமல் சொல்வது, தாமதமாகும் என்று தெரிந்தவுடனே சொல்லிவிடுவது.

சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் இதெல்லாம் ஸ்லைடாக வரும். குரூப் டிஸ்கஷனில் பத்து நிமிடம் சத்தமாகப் பேசியவருக்கு மார்க் கிடைக்கும். ஆனால் 'நான் அனுப்பிய அளவை நீ ஏன் மாற்றினாய்' என்று ஒருவர் கோபமாகக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதை, உண்மையிலேயே ஓர் அளவு மாறிப்போய் உண்மையிலேயே ஒருவர் கோபப்பட்டால்தான் பழக முடியும்.

ஒரே ஊர்ப் பசங்களா இருந்தா வேலை சீக்கிரம் முடியுமே, எதுக்கு வம்பா கலக்கணும்?

சீக்கிரம் முடியும், உண்மைதான். ஒரே ஊர், ஒரே பேச்சு என்றால் பாதி விஷயத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். பிரச்சினையே அங்கேதான். வேலைக்குப் போன இடத்தில் அப்படிச் சொல்லாமல் விட்ட பாதிதான் காலை வாரும்.

ரைன் நதியின் மேல் ஜெர்மனியின் லாஃபன்பர்க்கையும் சுவிட்சர்லாந்தின் லாஃபன்பர்க்கையும் இணைக்கிற பாலத்தைப் பாருங்கள். உயரம் அளக்க அடிப்படையான கடல்மட்டத்தை ஜெர்மனி வடகடலை வைத்துக் கணக்கிடுகிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்துக் கணக்கிடுகிறது, இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது இரு பக்கத்துக்கும் தெரிந்தே இருந்தது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள், 2003இல் பார்த்தால் இரு கரைக்கும் 54 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம். கணக்குத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. 'நீங்கள் எந்தப் பக்கம் கூட்டுகிறீர்கள்' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் போனதுதான் கோளாறு.

ஏர்பஸ் ஏ380 கதை இதைவிடப் பெரியது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா என்ற டிசைன் மென்பொருளின் நாலாம் பதிப்பு, பிரான்ஸின் துலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஒரு விமானத்துக்குள் ஓடுவது 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒயர், ஹாம்பர்க்கிலிருந்து வந்த பாகங்களைத் துலூஸில் பொருத்தும்போது ஒயர் எட்டவில்லை. 2006இல் அந்த விமானத் திட்டமே பெரிய தாமதத்தில் சிக்கியது. 'நாம் ரெண்டு பேரும் ஒரே பதிப்பா பயன்படுத்துகிறோம்' என்று தொடக்கத்திலேயே கேட்கிற பழக்கத்தைக் கல்லூரியில் வளர்க்க வேண்டுமென்றால், பதில் ஆளுக்கு ஆள் வேறாக வரக்கூடிய குழு வேண்டும்.

இதையெல்லாம் உருப்படியா நடத்தின இடம் எங்கயாவது இருக்கா, இல்ல சும்மா பேச்சுதானா?

இருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் ஐரோப்பியன் ப்ராஜெக்ட் செமஸ்டர். 1995இல் டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரில் ஆர்விட் ஆண்டர்சன் என்ற பேராசிரியர் தொடங்கினார். இன்று போர்த்துகலில் போர்ட்டோ, பின்லாந்தில் வாசா, போலந்தில் வூட்ஜ் எனப் பல ஊர்களில் நடக்கிறது. மூன்று முதல் ஆறு பேர் கொண்ட குழு, பல நாட்டவர், பெரும்பாலும் பல துறையினர். ஒரு செமஸ்டர் முழுவதும் ஒரே ப்ராஜெக்ட்தான் நடுநாயகம், 30 ஐரோப்பியக் கிரெடிட், அதாவது அவர்கள் கணக்கில் சுமார் 750 முதல் 900 மணி நேர உழைப்பு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நாடுகளின் எண்ணிக்கையை அல்ல. ப்ராஜெக்ட்டோடு கூடவே குழுவாக வேலை செய்வது, திட்ட மேலாண்மை, ஆங்கிலத்தில் எழுதுவது பேசுவது என்று சின்னச் சின்னப் பாடங்களும் ஓடுகின்றன. திங்கள்கிழமை கற்றதை அந்த வாரமே குழுவில் பயன்படுத்த வேண்டியிருக்கும். நம் ஊரில் டீம் ஒர்க் பற்றிய பாடத்தை முதல் செமஸ்டரில் எழுதிப் பாஸ் செய்துவிட்டு எட்டாவது செமஸ்டரில் குழுவில் சேர்கிறோம்.

எங்க காலேஜ்ல வெளிநாட்டுப் பசங்களே கிடையாது. எங்களுக்கு இது பொருந்துமா?

தாராளமாகப் பொருந்தும். தருமபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த மாணவி, சென்னை சி.பி.எஸ்.இ. பள்ளி மாணவன், நெல்லூரிலிருந்து வந்தவர், பாட்னாவிலிருந்து வந்தவர், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர், இவர்கள் ஐந்து பேரும் ஒரு குழு என்றால் அதைவிடக் கலப்பு என்ன வேண்டும்? டிப்ளமோ மாணவருக்கு லேத்தில் கை பழகியிருக்கும், சி.பி.எஸ்.இ. மாணவனுக்கு ஆங்கிலம் ஓடும், ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தது இன்னொருவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

நில அளவையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க்காரர் சென்ட் என்பார், நூறு சென்ட் ஒரு ஏக்கர். தெலங்கானாக்காரர் குண்டா என்பார், நாற்பது குண்டா ஒரு ஏக்கர். பீகார்க்காரர் பிகா என்பார், அது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரே குழுவில் மூவரும் தங்கள் ஊர் விவசாயிக்கு எவ்வளவு நிலம் என்று பேசத் தொடங்கினால், முதல் ஐந்து நிமிடத்திலேயே லாஃபன்பர்க் வந்துவிடும்.

வெளிநாட்டுக் கல்லூரியோடு ஆன்லைனில் சேர்ந்து செய்வதும் ஒரு வழி, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டீமை யார் பிரிக்கணும்? நாங்களே சேர்ந்துக்கறோமே, ப்ளீஸ்.

ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். நீங்களே சேர்ந்தால் ரூம்மேட்ஸ் ஒரு குழு, முதல் பெஞ்ச் ஒரு குழு, ஒரே பஸ்ஸில் வருபவர்கள் ஒரு குழு, கடைசியில் யாரும் கூப்பிடாத நாலு பேர் மிஞ்சுவார்கள். அந்த நாலு பேரின் முகத்தைப் பார்த்த பிறகும் 'நீங்களே சேர்ந்துக்கங்க' என்று ஓர் ஆசிரியருக்குச் சொல்ல மனம் வராது.

நாலு அல்லது ஐந்து பேர் போதும். ஆறுக்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கலக்கிறேன் என்று சொல்லி ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு பெண், ஒரே ஒரு வடமாநில மாணவர் என்று தெளித்துவிடாதீர்கள். பட்டியலில் பார்க்க அழகாக இருக்கும், அந்த ஒருவர் செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். சில குழுக்களில் யாரும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, வைக்கிற இடத்தில் இரண்டு பேராக வையுங்கள்.

சி.ஜி.பி.ஏ. பார்த்துப் பிரிப்பதைவிட, வாரத்தில் எந்த நேரம் காலியாக இருக்கும் என்பதைக் கேட்டுப் பிரிப்பது மேல். ஹாஸ்டல் மாணவர் இரவு எட்டு மணிக்கு மேல்தான் உட்காருவார், டே ஸ்காலர் நாலரை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. பாதி சண்டை இதில்தான் தொடங்கும்.

என்ன மாதிரி ப்ராஜெக்ட் கொடுத்தா இது வேலை செய்யும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. ஐந்தாகப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செய்து கடைசி இரவு ஒட்டிவிட முடியும் என்றால் அது குழு வேலைக்கு ஆகாது. ஒருவரால் மட்டும் முடியவே முடியாது, இன்னொருவர் தகவல் தராமல் இவர் அடுத்த அடி வைக்க முடியாது என்கிற மாதிரி வேலை வேண்டும்.

ஹாஸ்டல் ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து வீணாகப் போகும் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் குடிக்க வருகிற தண்ணீர் அளவுக்கோ அதற்கு மேலோ கழிவாகச் சாக்கடைக்குப் போகிறது. அதை எங்கே, எப்படித் திரும்பப் பயன்படுத்தலாம், செலவு எவ்வளவு ஆகும், இதுதான் கேள்வி. கழிவு நீரில் உப்பு எவ்வளவு என்று டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளக்க வேண்டும், நாள் முழுக்க எவ்வளவு போகிறது என்று வாளி வைத்தோ ஃப்ளோ சென்சார் வைத்தோ பார்க்க வேண்டும், குழாய், மோட்டார், டேங்க் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட வேண்டும். சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.இ. மூன்றுமே தேவைப்படும்.

இதைவிட சுவாரசியமான விஷயம் வேறொன்று. குழாய் எங்கே எப்படி ஓடுகிறது என்பது பிளம்பர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், வரைபடம் எல்லாம் கிடையாது, அவரிடம் தமிழில் பேசித்தான் வாங்க வேண்டும். பாத்திரம் கழுவ எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது மெஸ்ஸில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், இன்றைக்குப் பல மெஸ்களில் அவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அதுவரை வாயே திறக்காமல் இருந்த பாட்னா மாணவர் அந்த அடுப்படியில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, 'சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பெரிய அண்டாவெல்லாம் கழுவறாங்க, அந்த ஒரு மணி நேரம்தான் அதிகம் ஓடுது' என்ற தகவலோடு வருவார். டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற தகவல் அதுதான். அன்றிலிருந்து குழுவில் அவருடைய இடமே மாறிவிடும். கலாச்சாரப் பன்மை பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இப்படி ஒரு வேலையைத் தேடிப் பிடிப்பதில் ஆசிரியர் நேரம் செலவழிக்கலாம்.

முதல் வாரத்துல என்ன செய்யணும்? எல்லாரும் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிட்டு உட்கார்ந்திருக்கோம்.

ஒரு பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குச் சந்திப்பு, வர முடியாவிட்டால் எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும், குரூப்பில் கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும், ஒத்துக்கொள்ளாத விஷயத்தை ஓட்டுப் போட்டு முடிவு செய்வதா வேறு வழியா, ஒருவர் இரண்டு முறை வேலையை முடிக்காவிட்டால் என்ன. இவ்வளவுதான். எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

'நேரத்துக்கு வர வேண்டும்' என்று எழுதினால் போதாது. ஆறு மணி என்றால் ஒருவருக்கு ஐந்து ஐம்பத்தைந்து, இன்னொருவருக்கு ஆறரை. 'ஆறு பத்துக்கு மேல் வந்தால் லேட்' என்று எழுதுங்கள். 'டிராயிங் முடிந்தது' என்றால் என்ன, அளவு போட்டு முடிந்ததா, கோடு மட்டும் போட்டு முடிந்ததா, அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் மினிட்ஸ் எழுத ஒருவர், நடத்த ஒருவர், வாரம் ஒருமுறை சுழற்சி. சுழற்சி இல்லையென்றால் எப்போதும் ஒரு பெண்தான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருப்பாள், எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

டீமுக்குள்ள எந்த மொழில பேசறது? மூணு பேர் தமிழ், ரெண்டு பேருக்குத் தமிழ் தெரியாது.

எல்லோருக்கும் பொதுவாக ஓரளவாவது புரிகிற மொழியில் முடிவுகள் எடுக்கப்பட வேண்டும். நடைமுறையில் அது உடைந்த ஆங்கிலமாக இருக்கும், பரவாயில்லை. நடுவில் மூன்று பேர் தமிழில் வேகமாகப் பேசிச் சந்தேகம் தீர்த்துக்கொள்வதைத் தடுக்க வேண்டாம், யோசிப்பது தாய்மொழியில்தான் ஓடும். ஆனால் பேசி முடித்தவுடன் 'நாங்கள் இதைத்தான் பேசினோம்' என்று மற்ற இருவருக்கும் சொல்லிவிட வேண்டும், இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இந்தி பேசுகிற இருவருக்கும் இதே விதிதான்.

தமிழ்வழி படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரி என்று முதல் மாதம் தோன்றும். அவர் போட்ட கணக்கைப் பேப்பரில் வாங்கிப் பாருங்கள். ஆசிரியர்கள் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம்: சந்திப்புத் தொடங்கும் முன் எல்லோரும் ஐந்து நிமிடம் தங்கள் யோசனையை எழுதட்டும், எழுதியதை ஒவ்வொருவராகப் படித்த பிறகுதான் விவாதம். வாய் வேகமுள்ளவர் முந்திக்கொள்வது இதில் குறைந்துவிடும்.

ஒருத்தன் ஒண்ணுமே செய்ய மாட்டேங்கறான், ஆனா மார்க் மட்டும் சமமா வாங்கிக்கறான். இது நியாயமா?

நியாயமில்லை. இது பழைய நோயும்கூட. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது காட்டிய பலத்தில், எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் ஏறக்குறைய பாதிதான் காட்டினார்கள். எல்லோருமே சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை, சேர்ந்து இழுக்கும்போது விசை ஒரே நேரத்தில் விழாததும் காரணம். அதனால்தான் குழுவைச் சின்னதாக வையுங்கள் என்றேன்.

மார்க்கைப் பொறுத்தவரை, குழுவுக்கு ஒரு மார்க், அதைத் தனிநபர் விகிதத்தால் பெருக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். குழுவுக்கு 50க்கு 40. ஒருவருக்குச் சக உறுப்பினர்கள் கொடுத்த சராசரி ஐந்துக்கு 3, குழுவின் மொத்தச் சராசரி 4 என்றால் விகிதம் 0.75, அவருக்கு 30. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் கணக்குக்கென்றே கேட்மி என்று ஓர் இணையக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. கூகுள் ஃபார்மும் எக்செல்லும் இருந்தால் நமக்குப் போதும்.

ஒன்றுமே செய்யாதவர் என்று முத்திரை குத்தும் முன், அவருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று பாருங்கள். 'நீ சும்மா இரு, நாங்க பாத்துக்கறோம்' என்று இரண்டாம் வாரத்தில் ஒதுக்கிவிட்டுப் பத்தாம் வாரத்தில் புகார் கொண்டு வருபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பசங்க ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடச் சொன்னா, எல்லாரும் எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டுடறாங்களே சார்?

போடுவார்கள். நட்பு, பயம், 'எதுக்கு வம்பு' என்கிற எண்ணம். எண்ணை மட்டும் கேட்காமல் ஒரு சம்பவத்தையும் கேளுங்கள்: 'இவர் செய்த ஒரு வேலையால் குழு முன்னேறிய ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.' எழுத ஒன்றுமில்லை என்றால் ஐந்து போட்ட கை தயங்கும். பாதி செமஸ்டரில் மார்க் இல்லாமல் ஒருமுறை, கடைசியில் மார்க்கோடு ஒருமுறை கேளுங்கள். முதல் தடவை வந்த கருத்தைப் பெயர் சொல்லாமல் அவரவருக்குக் காட்டிவிட்டால் திருத்திக்கொள்ள வழி கிடைக்கும்.

எல்லோரும் ஐந்து போடுவதைவிட ஆபத்தானது இன்னொன்று. நாலு பேர் ஒரே மொழி, ஐந்தாமவர் வேறு என்றால், அந்த ஒருவருக்குக் குறைவாக விழ வாய்ப்பு அதிகம். அதனால் விகிதத்தை அப்படியே மார்க்காக்கிவிடாதீர்கள். மினிட்ஸ், டிராயிங் ஃபைலில் யார் எப்போது மாற்றம் செய்தார் என்ற பதிவு, வைவா எல்லாவற்றோடும் ஒத்துப்பார்த்து, பொருந்தாவிட்டால் கூப்பிட்டுப் பேசுங்கள்.

'புரிஞ்சுதா'ன்னு கேட்டா தலையாட்டறாங்க, ஆனா வேலை நடக்கல. சில ஊர்க்காரங்க அப்படித்தானா?

'சில ஊர்க்காரங்க' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாடு வாரியாக மக்களின் குணத்தை எண்ணில் அளந்து வைத்திருக்கும் அட்டவணைகள் உண்டு, ஹாஃப்ஸ்டீடின் அளவீடு அதில் பிரபலம். அது ஒரு நாட்டின் சராசரியைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றி எதுவும் சொல்லாது.

தலையாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கிறது. 'புரிந்ததா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல நம் பள்ளிக்கூடங்களில் யாரும் பழக்கவில்லை. 'நாளைக்கு முதலில் என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்டால் புரிந்ததா இல்லையா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சண்டை வந்தா ஸ்டாஃப் எப்ப உள்ள போகணும்?

உடனே வேண்டாம். மூன்றாவது நாலாவது வாரத்தில் சண்டை வரும், வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், யாரோ ஒருவர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து அவர்களே பேசட்டும். தீரவில்லை என்றால் எழுதிக்கொண்டு வரட்டும், எழுதும்போதே பாதி கோபம் போய்விடும். அதன் பிறகு நீங்கள் உட்காருங்கள். குழுவை மாற்றிக் கொடுப்பது கடைசி வழி, ஒரு குழுவுக்கு மாற்றிவிட்டால் அடுத்த நாள் வாசலில் வரிசை நிற்கும்.

அடித்தல், மிரட்டல், பாலியல் ரீதியான தொல்லை, சாதி சொல்லித் திட்டுவது இவை குழுச் சண்டைக் கணக்கில் வராது. அதற்கான கமிட்டிகள் கல்லூரியில் இருக்கின்றன, நேராக அங்கே போக வேண்டும்.

வெளிப்படையா திட்டல, ஆனா சாதி, மதம், சாப்பாடுன்னு ஏதோ ஒண்ணு உள்ளுக்குள்ள ஓடுது. அதை எப்படிக் கையாள்றது?

யார் யாருக்கு என்ன வேலை போகிறது என்று பாருங்கள். மோட்டார் தூக்குவது, குழி தோண்டுவது, கழிவுநீரில் கை வைப்பது எப்போதும் ஒரே ஆளிடம் போகிறதா? லேப்டாப்பும் பிரசன்டேஷனும் எப்போதும் இன்னொருவரிடமா? அப்படியானால் யாரும் எதையும் வாயால் சொல்லத் தேவையில்லை. வேலைப் பட்டியலை வாரா வாரம் வாங்கி, எல்லா வேலையும் எல்லோரையும் சுற்றி வர வேண்டும் என்று விதியாகவே போட்டுவிடுங்கள். ஆர்.ஓ. ப்ராஜெக்ட்டில் சாக்கடை ஓரம் வாளி பிடிப்பது ஐந்து பேருக்கும் உண்டு.

சாப்பாட்டுக்கு நான் வைத்திருக்கும் வழி சுருக்கமானது. சந்திப்பு டீயோடு நடக்கட்டும், சோறோடு வேண்டாம். ரம்ஜான் நோன்பு, பொங்கல், சட் பூஜை, கிறிஸ்துமஸ் இவற்றை முதல் வாரமே காலண்டரில் குறித்துவிட்டால் ரிவ்யூ தேதி யார் தலையிலும் இடியாக விழாது.

சிலபஸ் முடிக்கவே நேரமில்ல, இதுக்கெல்லாம் எங்க போறது? எச்.ஓ.டி. கேட்டா என்ன சொல்றது?

புதிய பாடம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் மினி ப்ராஜெக்ட்டையோ, ஒரு லேபின் கடைசிப் பகுதியையோ இப்படி மாற்றுங்கள். துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம், பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. பேரைச் சொல்லுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினர் ஆனது, பலதரப்பட்ட குழுக்களில் உறுப்பினராகவும் தலைவராகவும் செயல்படத் தெரிய வேண்டும் என்பது பட்டதாரிக்கான பண்புகளில் ஒன்றாகவே இருக்கிறது. என்.பி.ஏ. வரும்போது அதற்கு ஆதாரம் என்ன என்று எல்லாத் துறையும் திண்டாடுவது தெரிந்த கதை. உங்கள் கையில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், மினிட்ஸ், சக மாணவர் மதிப்பீடு எல்லாம் ஃபைலாக இருக்கும்.

வெளிநாட்டுக் காலேஜோட ஆன்லைன்ல சேர்ந்து பண்ணா இன்னும் நல்லதில்லையா?

நல்லதுதான், ஆனால் முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அடுத்த மீட்டிங்குக்கு யாரோ ஒரு மணி நேரம் தவறி வருவார்கள். நம் எண்டு செமஸ்டர் நடக்கும்போது அவர்களுக்கு வகுப்பு இருக்கலாம், சேர்ந்து வேலை செய்யக் கிடைக்கும் வாரங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆனால் பொறியியல் ரீதியாகக் கிடைக்கும் பாடம் அருமையானது. ஜெர்மன்காரர் 3,5 என்று எழுதினால் மூன்றரை, 1.000 என்று எழுதினால் ஆயிரம். அமெரிக்கர் 04/05 என்று எழுதினால் ஏப்ரல் 5, நமக்கு அது மே 4. ஒரு பொருளை ஒரு பக்கமிருந்து பார்த்த படத்தைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதில் இரண்டு முறைகள் உண்டு: நாம் டிராயிங்கை ஃபர்ஸ்ட் ஆங்கிளில் போடுகிறோம், அமெரிக்காவில் தேர்டு ஆங்கிள். எந்த முறை என்று காட்ட ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குறியைப் பார்க்காமல் பாகம் செய்தால், துளை எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். முதலாம் ஆண்டு டிராயிங் வகுப்பில் அந்தக் குறியைத் தூங்கிக்கொண்டே வரைந்தவர்கள், ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டால் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

ரிப்போர்ட், மினிட்ஸ் எல்லாம் சாட்ஜிபிடியே எழுதிடுதே?

எழுதட்டும். அடுப்படியில் போய் உட்கார்ந்து பேசுவது அதனால் முடியாது. மினிட்ஸை மட்டும் சந்திப்பு நடக்கும்போதே கையால் எழுதி எல்லோரும் சுருக்கொப்பம் போடச் சொல்லுங்கள், மற்றதை வைவாவில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்டர்வியூல இதை எப்படிச் சொல்றது? 'ஐ ஆம் எ டீம் ப்ளேயர்'னு எல்லாரும்தான் சொல்றாங்க.

அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 'எங்கள் குழுவில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. டேங்க் அளவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. நான் 500 லிட்டர் போதும் என்றேன், இன்னொருவர் மெஸ்ஸில் விசாரித்துவிட்டுப் போதாது என்றார். ஒரு வாரம் அளந்து பார்த்தோம், அவர் சொன்னது சரி, டிசைனை மாற்றினோம்.' அரை நிமிடம்கூட ஆகாது. நீங்கள் தவறாக இருந்த இடத்தையும் சொல்வதால் எதிரில் இருப்பவர் நம்புவார். அடுத்த கேள்வியும் டேங்க்கைப் பற்றித்தான் வரும், அது உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

எல்லாம் நல்லா பண்ணாங்க, ஆனா கடைசில மெஷின் ஓடல. அப்ப மார்க் எப்படிப் போடறது?

மார்க்கை முன்கூட்டியே பிரித்து அறிவித்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. பொருளுக்குப் பாதி, சேர்ந்து வேலை செய்த விதத்துக்கு மீதியில் பெரும்பங்கு, தனி வைவாவுக்கு மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் பொருளுக்கான பாதியில் அடி விழத்தான் வேண்டும், பொறியியலில் 'நல்லா முயற்சி பண்ணாங்க' என்பதற்காகத் தண்ணீர் மேலே ஏறாது. ஆனால் ஏன் ஓடவில்லை என்பதை ஐந்து பேரும் ஒரே மாதிரி, ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல் விளக்கினால் மற்ற பாதியில் முழுசாக வாங்கலாம். இதற்கு நேர்மாறாக மெஷின் அழகாக ஓடி, அதில் மூன்று பேருக்கு அது எப்படி ஓடுகிறது என்றே தெரியாத குழுவும் வரும், அவர்களுக்கு இரண்டாம் பாதியில் குறைக்கத் தயங்காதீர்கள்.

கடைசி ரிவ்யூவுக்கு ஹாஸ்டல் வார்டனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் நோவல்டி என்ன, ஃப்யூச்சர் ஸ்கோப் என்ன என்று கேட்பார். வார்டன் கேட்பது 'இந்த மோட்டார் ரிப்பேர் ஆனா நாளைக்கு யாரைக் கூப்பிடறது?'